நூற்றாண்டு மலருக்கு இரண்டு பக்கம்

செயல் அலுவலர் சொல்லிவிட்டார்:
"ஊர் வரலாறு, இரண்டு பக்கம், வெள்ளிக்கிழமைக்குள்.
விளம்பரங்கள் போக அவ்வளவுதான் இடம்."

வரிவசூல் பிரிவில் இருக்கிற எனக்குக்
கதவு எண் தெரியும், கதை தெரியாது.
குழாய்வரி பாக்கி வைத்தவர்கள் பட்டியலை
நடுத்தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன்.
ஆனால் பதிவறைச் சாவி என்னிடம்தானே இருக்கிறது.

பூஞ்சை பூத்த கட்டுகளுக்கு அடியில்
நாலாய் மடித்த வரைபடம்.
கோரைமந்து என்று நாம் சொல்லும் இடத்தில்
பச்சை மசியைப் பரவவிட்டு
இங்கிலீஷில் எழுதியிருக்கிறான் சர்வேயர்:
வெறும் புல்.
அந்த மசியின் மேல்தான் நிற்கின்றன
பஸ் ஸ்டாண்ட், இரண்டு மெடிக்கல், ஒரு கோர்ட்டு,
ஒரு கால் ஆடும் என் நாற்காலி.

அப்புறம் எல்லாம் அவசரம்.
தோல் பதனிடச் சீகை நட்டார்கள் புல்லில்.
சீகை போய்க் கற்பூரமரம்,
அதை வெட்டி உருளைக்கிழங்கு.
கிழங்கில் புழு விழுந்த வருஷம்
மூட்டை மூட்டையாய்க் குழிதோண்டிப் புதைத்துவிட்டு
ஹாலன் கவுடர் எழுதிய மனு இருக்கிறது,
தேயிலை நாற்றுக்குக் கடன் கேட்டு.
'தேயிலை' வருகிற இடமெல்லாம்
முதலில் 'கிழங்கு' என்று எழுதி அடித்திருக்கிறார்.

தலைமன்னாரில் கப்பலேறியவர்கள்
எழுபத்தொன்றில் வந்திறங்கினார்கள், ஜனவரிப் பனியில்,
பருத்திச் சேலையோடு.
நாற்பது குடும்பத்துக்கு ஒரே குழாய்.
ரிஜிஸ்தரில் இன்றும் அதற்குப் பெயர் சிலோன் குழாய்.
தண்ணீர் வந்து பத்து வருஷமாகிறது.
"சிலோன் குழாய் எதிரில்" என்று எழுதினால்
செபஸ்தியம்மா வீட்டுக்குப் பார்சல் சரியாக வந்துவிடும்.

பசுந்தேயிலை விலை விழுந்த ஆண்டில்
சமுதாயக் கூடத்தில் நடந்த கல்யாணங்கள் பதினொன்று.
முந்திய ஆண்டு அறுபத்து நான்கு.
இதற்கு மேல் அந்தக் காலத்தைப் பற்றி
எனக்கு எழுத வரவில்லை.

புதன்கிழமை குஞ்ஞாப்பு பேக்கரி
வர்க்கிக்கு அரைப்பக்க விளம்பரம் கொடுத்தது.
வரலாறு ஒன்றரைப் பக்கமானது.

வியாழன் சாயங்காலம் கிடைத்தது
முதல் ரசீதுப் புத்தகம்.
முதல் ரசீது, இந்த ஊரின் முதல் வருமானம்:
"நகர எல்லைக்குள் மேய்ந்த எருமை மூன்று
பவுண்டில் அடைக்கப்பட்டது.
அபராதம் ரூபாய் ஒன்றரை."
கட்டியவர் பெயர் எழுதியவனுக்குப் பிடிபடவில்லை.
கோணலாய் ஏதோ கிறுக்கி, கடைசியில் 'குட்டன்'.
பக்கத்தில் ஒரு கட்டைவிரல்,
ரேகை மட்டும் இன்னும் துல்லியம்.

செலவுப் புத்தகத்தைப் புரட்டினேன்.
எல்லைக்கல் நட்ட கூலி கொடுத்திருக்கிறார்கள்,
அதற்குப் பதினெட்டு நாள் முன்னால்.

ஊர்ப்பெயரின் பின்பாதி அவருடைய மந்து.
முன்பாதி, எருமைகள் தின்றது.

"முதல் வருமானம் ரூ. 1.50, போதும்" என்று
அலுவலர் மற்றதை அடித்தார்.
தப்பான ஆள் இல்லை அவர்.
இடமில்லை.

இருட்டியபின் காட்டெருமைகள் இறங்கி வந்தன.
காந்தி சிலை வேலியைத் தாண்டி,
நூற்றாண்டுக்கென்று புதிதாய்ப் பதித்த புல்தரையை
நிதானமாகத் தின்றன.
வாட்ச்மேன் ரஃபீக் டார்ச்சை அணைத்துவிட்டு
ஜன்னல் வழியே கேட்டான்:
"பைன் போட்டுரலாமா சார்?"

சிரித்துவிட்டுத்தான் திரும்பினேன்.
பிறகு என்ன தோன்றியதோ,
நடப்பாண்டுக் கணக்கில்
'திருப்பித் தரவேண்டிய தொகை' என்ற தலைப்பைத் தேடி
ஒன்றரை ரூபாய் என்று எழுதினேன்.
வட்டி போடத் தெரியவில்லை.

ஏப்ரலில் தணிக்கைக்கு வருவார்கள்.
ஒன்றரை ரூபாய்க்கும் வவுச்சர் கேட்பார்கள்.
யாருக்கு என்று கேட்பார்கள்.
முழுப்பெயர் கேட்பார்கள்.